எண்ணூரில் ஆற்றோரமாக நடப்பது: ஒரு கேள்வியும் ஒரு வருடக் குறிப்புகளும்

கேள்வி, 2024 ஜூன் 9

மாதம் ஒரு தடவை ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஆற்றோரமாகப் பேசாமல் நடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு எண்ணூர்தான் கிடைத்ததா? மனசு அமைதிக்கு என்றால் தாமிரபரணிக்குப் போகலாம், திருவையாற்றுக்குப் போகலாம். சாம்பலும் எண்ணெயும் ஓடுகிற இடத்தில் நின்று என்ன யோசிக்க முடியும்? அதுவும் வெயில், மழை, பனி என்று பன்னிரண்டு மாதமும்? என்னைக் கேட்டால் அது ஆறே இல்லை, கழிவுநீர்க் கால்வாய்.

2024 ஜூன் 9, இரவு

ஆறுதான். பெயர் கொசஸ்தலை. கொற்றலை என்றும் சொல்வார்கள். மேற்கே ஏரிகளின் உபரியும் ஆந்திரத்திலிருந்து இறங்கும் நகரியாறும் சேர்ந்து பூண்டிக்கு வருகிறது. பூண்டி ஏரிக்கு 1940ல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய மேயர் சத்தியமூர்த்தி. 1944ல் கட்டி முடித்தபோது அவர் உயிரோடு இல்லை. ஏரிக்கு இன்றும் அவர் பெயர்தான். சென்னையில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்றால் நீங்களும் இந்த ஆற்றைக் குடித்தவர்தான். பூண்டியில் எடுத்தது போக மீதம் தாமரைப்பாக்கம் தாண்டி, வல்லூர் அணைக்கட்டு தாண்டி, மணலி புதுநகர் ஓரமாக வந்து எங்கள் ஊரில் கடலில் சேர்கிறது.

அப்பா ரயில்வேயில் கேங்மேன். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவில் இருக்கிற பாலம் அவருடைய பகுதி. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் போவேன். பாலத்தடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கைத் திறப்பார். காலையில் கடல் பக்கம் ஓடிய தண்ணீர் மத்தியானம் மலைப் பக்கம் ஓடும். கழிமுகத்தில் அப்படித்தான். எனக்கு இது புரியவே ரொம்ப நாள் ஆயிற்று.

எண்ணூருக்கு ஏன் போகிறேன் என்றால் என் ஆறு இதுதான், அதனால்.

2024 ஜூன் 11

நேற்று எழுதியது கோபத்தில் எழுதியது. ஆனாலும் அப்படியே இருக்கட்டும். (நேற்று இல்லை, முந்தாநாள்.)

நடையைப் பற்றிச் சொல்லவே இல்லை. எண்ணூர் ஸ்டேஷனில் கூடுவோம். காட்டுக்குப்பம் வழியாகக் கரையோரமாக முகத்துவாரம் பக்கம் போய்த் திரும்புவோம். தூரம் அதிகம் இல்லை. எட்டுப் பேர் வருவார்கள், சில மாதம் இருபது. போகும்போது பேச்சு கிடையாது. திரும்பும்போது பேசலாம். எல்லா மாதமும் அதே வழி. நாலு இடத்தில் நிற்போம், நாலும் மாறாது. பாலம் தெரிகிற மேடு, ஒரு அலையாத்திப் புதர், படகுகளை இழுத்துப் போடும் மணல், கடைசியில் ஆறும் கடலும் சேர்கிற இடம்.

கேட்பது ஒரே கேள்வி: போன மாசம் இருந்தது எது இப்போது இல்லை, இல்லாதது எது இப்போது இருக்கிறது?

முதல் தடவை வருகிறவர்களுக்கு அவர்களுடைய போன மாசம் இங்கே இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டு வந்தால் போதும். இரண்டாவது தடவைதான் நடை ஆரம்பிக்கிறது. வேறு வேறு ஆற்றுக்குப் போகலாமே என்பதற்கும் இதுதான் என் பதில். பன்னிரண்டு ஆற்றுக்கு ஒவ்வொரு முறை போனால் பன்னிரண்டு படம் கிடைக்கும். இங்கே ஒரு அலையாத்திப் புதரைப் பன்னிரண்டு தடவை பார்க்கிறோம். பூக்கும்போது அந்தப் புதரில் தேனீ இரைவது பத்தடி தள்ளியே கேட்கும். ஆலைச் சத்தத்தை மீறிக் கேட்கும். அதுவரை அங்கே தேனீ உண்டு என்று எனக்கே தெரியாது.

2024 ஜூலை 22

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார்: "பேசக்கூடாது என்றால் நீங்கள் எதற்குக் கூட வருகிறீர்கள்?"

2022 தை மாதம் ஆரம்பித்தபோது நான் பேசிக்கொண்டேதான் போனேன். நான் டீச்சராக இருந்தவள், வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அனல்மின் நிலையம் இது, சாம்பல் குழாய் இது, சூடான தண்ணீர் இங்கே விழுகிறது, செப்பாக்கத்துச் சாம்பல் குளம் அந்தப் பக்கம் என்று சொல்வேன். எல்லாம் உண்மைதான். சாம்பல் குழாயில் ஒழுகல் விழுந்து ஆற்றின் அடி மேடிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு இடுப்பளவு இருந்த இடத்தில் இப்போது முழங்கால் நனைகிறது.

ஆனால் மூன்றாவது நடையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திரும்பும்போது சொன்னாள்: "டீச்சர், நீங்க சொன்னது எல்லாம் பார்த்தேன். நான் எதையுமே பார்க்கல." ராத்திரி அது தூங்க விடவில்லை. நாலாவது நடையிலிருந்து போகும்போது வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் நான் எதற்கு? தண்ணீர் எப்போது ஏறும் என்று பார்க்க. எந்தச் சேற்றில் கால் வைக்கக்கூடாது என்று காட்ட. வரிசையில் கடைசி ஆளாக நடக்க. முன்னால் போனால் எல்லாரும் என் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

2024 ஆகஸ்ட் 19

ஆடிக் காற்று விடுகிற நேரம். நேற்று பதினோரு பேர். மணல் கண்ணில் அடித்ததால் பாதிப் பேர் துப்பட்டாவாலும் துண்டாலும் முகத்தைக் கட்டிக்கொண்டு நடந்தோம். பேசாதே என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

முகத்துவாரம் குறுகிவிட்டது. மாசி, பங்குனியிலிருந்து கடல் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு வருகிறது, ஆற்றில் எதிர்த்துத் தள்ளத் தண்ணீர் இல்லை. ஜூனில் படகு போன இடத்தில் நேற்று இரண்டு பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

2024 செப்டம்பர் 23

ஒரு தவறை எழுத வேண்டும்.

தண்ணீர் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும் என்று வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். துறைமுகத்து அட்டவணையைப் பார்த்து நேரம் குறித்தேன். நேற்று வற்றியிருக்க வேண்டிய நேரத்தில் புதர்ப் பக்கம் போனால் சேற்றுத் திட்டு இன்னும் வெளியே வரவே இல்லை. கொஞ்சம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை, கணுக்கால் தண்ணீர்தானே என்று நடத்திக் கூட்டிப்போனேன். தண்ணீர் கலங்கல், அடியில் இருந்த ஆளிச் சிப்பி தெரியவில்லை. ஒரு அம்மாவுக்கு உள்ளங்காலில் நீளமாகக் கிழித்துவிட்டது. கத்தி மாதிரி இருக்கும் அது. கைக்குட்டையால் கட்டி, ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். நாலு தையல்.

என் தப்பு. அட்டவணை துறைமுகத்து வாசலுக்குத்தான். கழிக்குள் தண்ணீர் நுழைந்து வெளியேறத் தாமதம் ஆகும். வாய் குறுகிய மாதத்தில் இன்னும் தாமதம் ஆகும். போன மாதம் நானேதான் முகத்துவாரம் குறுகிவிட்டது என்று இங்கே எழுதினேன். எழுதிவிட்டு அதை நேரக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆறு மணி நேரமும் சரியில்லை. ஆறேகால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப் போகிறது. இனிமேல் முதல் நாளே போய்ப் பாலத்துத் தூணில் ஈரக் கோட்டைப் பார்த்துவிட்டு வருவேன். வெறுங்கால் கூடாது, பழைய கேன்வாஸ் ஷூ போட்டு வாருங்கள்.

2024 செப்டம்பர் 24

தையல் போட்டுக்கொண்ட அம்மா அடுத்த மாதமும் வருகிறாராம். "அந்தச் சிப்பி எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு பார்க்கணும்" என்கிறார்.

2024 அக்டோபர் 7

"ஏழைகள் வேலை செய்வதை வேடிக்கை பார்க்கப் போகிறீர்களா?" என்று மேலே ஒருவர் கேட்டிருப்பதைத் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டு வருஷமாக என்னையே நான் கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

அங்கே இருளர் குடும்பங்கள் கையால் இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது. கழுத்தளவு, இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பனையோலையில் பின்னிய ஒரு பை இருக்கும், பறி என்பார்கள். அதன் வாயைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையில் அகப்படும் இறாலை அதில் போடுவார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கிறது, வேறு எப்படிப் பிடிப்பது? மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் அப்படியே.

ஆரம்பத்தில் நாங்கள் பத்துப் பேர் கரையில் வரிசையாக நின்று அமைதியாகப் பார்த்தோம். எங்களுக்கு அது பெரிய அனுபவமாக இருந்தது. தண்ணீரிலிருந்து ஒரு அக்கா பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாமா, வாயத் தொறக்காம நின்னுகினு கீறீங்க? செத்த வூடா இது?" என்றார். பதில் சொல்ல வரவில்லை. அவர் பறியைத் திரும்பக் கவ்விக்கொண்டார்.

நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த மௌனம் எனக்கு விடுமுறை நாள் மௌனம். அவருடையது வேலை. வாயில் பறி இருந்தால் பேச முடியாது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு சில விஷயங்களை மாற்றினோம். அவர்கள் இருக்கிற திட்டுக்கு எதிரே நிற்பதில்லை, கையாட்டிவிட்டு நடந்துவிடுவோம். போட்டோ கிடையாது, யாராக இருந்தாலும். கூப்பிட்டால் பேசலாம், விதி அங்கே செல்லாது. திரும்பும்போது இறால் இருந்தால் கேட்ட விலைக்கு வாங்குவோம், பேரம் இல்லை. முதலில் குப்பத்துப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னோம், வரலாமா என்று கேட்டோம். அவர்களுக்குள் எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று முறை இருக்கிறது, பாடு என்பார்கள். "நீங்களும் மாசம் ஒரு பாடு எடுத்துக்குங்க" என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? தெரியவில்லை. இன்னும் யோசிக்கிறேன்.

2024 அக்டோபர் 9

பக்கிங்காம் கால்வாய் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், இந்தக் கழியில்தான் குறுக்கே வந்து சேர்கிறது. 1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியதுதான் முதல் துண்டு. காக்ரேன் கால்வாய் என்று அப்போது பெயர். பழவேற்காட்டுக்கு நீண்டது அப்புறம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்குக் கூலி வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இருந்த துண்டையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் கவர்னர் பக்கிங்காம் பெயர் வந்தது. வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. விறகுப் படகு போனதை அப்பா பார்த்திருக்கிறார். 1965, 66 புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து படுத்துவிட்டது.

2024 டிசம்பர் 2

நேற்று நடை இல்லை. புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது, இங்கே மழை விடவில்லை. யாரும் ஆற்றுப் பக்கம் போக வேண்டாம்.

2024 டிசம்பர் 23

பூண்டியைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வந்துவிட்டது.

2021 நவம்பரில் இப்படித் திறந்தபோது மணலி புதுநகர், சடையங்குப்பம் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பூண்டி என்ற பேரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆகவே தண்ணீர் வந்தது என்று நான் சந்தோஷமாக எழுதுவதை அவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வருஷம் நேற்று வரை வீடுகளுக்குள் வரவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பாலத்து மேட்டில் நின்றோம். தண்ணீர் செம்மண் நிறம். ஒரே பக்கமாக, கடலைப் பார்த்து ஓடுகிறது. வருஷத்தில் இந்தச் சில நாள்தான் இது ஒரு பக்கம் மட்டும் ஓடும். ஆகஸ்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய மணல் திட்டு அப்படியே காணோம். வாய் அகலமாகத் திறந்துகிடக்கிறது. கூட வந்தவர் ஒருவர் குனிந்து கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. (தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். நாங்கள் செய்தது தப்புதான்.)

அலையாத்திப் புதரில் இன்னும் அந்தக் கோடு இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி வந்ததே, அதன் கோடு. அப்போது மீனவர்கள் மக்கும் வாளியும் வைத்து எண்ணெயை அள்ளினார்கள். இறக்கை ஒட்டிப்போய்ப் பறக்க முடியாமல் கூழைக்கடா ஒன்று கரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு மாதம் நடையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது கோடு என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, நிறம் மங்கிக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. கோட்டுக்கு மேலே புது இலை. கோட்டுக்குக் கீழே மூச்சு வேர்கள் பாதி செத்தவை, பாதி உயிருள்ளவை. உயிருள்ளது எது என்று விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரியும். எல்லாவற்றையும் சுரண்டக்கூடாது என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

2025 ஜனவரி 20

பனி. எண்ணூரிலும் பனி உண்டு, நம்பாதவர்கள் மார்கழியிலும் தையிலும் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து பார்க்கலாம். புகைபோக்கிகளின் உச்சி மட்டும் தெரியும், அடி தெரியாது.

உள்ளான் பறவைகள் வந்துவிட்டன. சேற்றில் நூறு, நூற்றைம்பது. கூழைக்கடா பதினாறு எண்ணினோம், ஒருவர் பதினேழு என்றார். இருபத்துமூன்று பேர் வந்திருந்தோம். இது அதிகம், இனிமேல் பதினைந்தோடு நிறுத்துவேன். கால் சத்தத்துக்கே பறவை எழுந்துவிட்டது.

இது தியானமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தியானம் தெரியாது.

2025 பிப்ரவரி 17

இந்த மாதம் மட்டும் வழியை மாற்றி மேலே போனோம், பூண்டிக்கு. வருஷத்தில் ஒரு தடவை. எப்போதும் வாலைப் பார்க்கிறவர்கள் தலையையும் பார்க்கட்டும் என்று.

ஏரிக்குப் பக்கத்தில்தான் அத்திரம்பாக்கம். 1863ல் ராபர்ட் புரூஸ் பூட் கற்கோடரிகளைக் கண்டெடுத்த இடங்களில் ஒன்று. அங்கே அகழ்ந்ததில் மிகப் பழைய கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் வருஷம் வரை வயது என்று 2011ல் வெளியிட்டார்கள். பூண்டி அருங்காட்சியகத்தில் அந்த மாதிரிக் கற்கள் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு கல், நம் உள்ளங்கைக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. எல்லாரும் அதன் முன்னால் கையை மடக்கிப் பார்த்தார்கள்.

அந்தக் கல்லைச் செதுக்கியவர்களும் இந்த ஆற்றின் கிளையோரமாக நடந்தவர்கள்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. திரும்பி வரும் வேனில், அன்றைக்குக் காலில் தையல் போட்டுக்கொண்டாரே, அந்த அம்மா சொன்னார்: "அவங்களுக்கும் ஆளி கிழிச்சிருக்கும்." ஆளி இருப்பது கழிமுகத்தில்தான், அங்கே இல்லை என்று திருத்த நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

2025 ஏப்ரல் 21

ஏப்ரல் 15லிருந்து தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. கடல் மீன் குறைந்து ஆற்று இறால் விலை ஏறிவிட்டது. அக்காவிடம் கால் கிலோதான் வாங்க முடிந்தது. அவருக்கு நல்ல மாதம், எனக்குச் சந்தோஷம்.

நாலு பேர்தான் வந்தார்கள். ஆறரைக்கே வெயில் சுட்டது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. மணல் திட்டு திரும்ப வளர ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கிரிக்கெட் அளவுக்கு வரவில்லை. வெயில் மாதத்தை விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். விட முடியாது. நாலு பேரில் மூன்று பேர் மார்கழியில் வந்தவர்கள். டிசம்பரில் செம்மண்ணாகப் பார்த்ததை இப்போது சாம்பல் நிறத்தில் பார்க்கிறார்கள். நல்ல மாதமாகப் பார்த்து வந்தால் இந்த ஆற்றைப் பற்றிப் பொய்யாக ஒரு படம் மனதில் தங்கிவிடும். மோசமான மாதத்தில் மட்டும் வந்தாலும் அப்படித்தான். 2022ல் நான் காட்டியது மோசமான மாதத்துப் படத்தைத்தான்.

2025 ஜூன் 16

போன வருஷம் ஜூன் 9ல் மேலே கேள்வி எழுதியவர் நேற்று வந்தார். சொல்லாமல்தான் வந்தார், கூட்டத்தில் யார் என்று எனக்குத் தெரியாது. ஆள் உயரம், வெள்ளை ஷூ. வெள்ளை ஷூ போய்விட்டது.

நாலாவது இடத்தில், ஆறும் கடலும் சேர்கிற இடத்தில், ரொம்ப நேரம் நின்றார். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள், நான் கடைசி ஆள் என்பதால் காத்திருந்தேன். திரும்பி நடக்கும்போதுதான் பேசினார். "நான்தான் கால்வாய்னு எழுதினேன்" என்றார். "வாசனை அடிக்குதே இன்னும்" என்றார். அடிக்கிறது, ஆமாம். நானும் அதை இல்லை என்று சொன்னதில்லை.

திட்டுப் பக்கம் வந்தபோது அந்த அக்கா கரையேறிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் சேறு. பறியைப் பல்லிலிருந்து எடுத்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, உதறினார். பனையோலை விளிம்பில் அவர் பல் பட்ட இடம் வழவழவென்று தேய்ந்து பளபளத்தது. புதியவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "இவரும் பேச மாட்டாரா?" என்றார்.

அவர் கேட்டார்: "போன மாசம் இல்லாதது இந்த மாசம் என்னக்கா இருக்கு?"

அக்கா பறிக்குள் கையை விட்டு, ஒரு கருப்பு வரி இறாலை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார். அது துள்ளி மணலில் விழுந்தது. வெள்ளை ஷூக்காரர் மண்டியிட்டு இரண்டு கையாலும் தேடினார்.

அடுத்த நடைக்கு நேரம் இன்னும் குறிக்கவில்லை. முதல் நாள் தூணைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.